நாற்பதில் நின்ற முள்

ஆறுதல்புரத்தில் சில காலம் எந்த மோட்டார் சைக்கிளும் நாற்பதைத் தாண்டியதில்லை, தாண்டியதில்லை என்றால் மீட்டரில் தாண்டியதில்லை, ரோட்டில் என்ன ஓட்டம் ஓடியது என்பது ரோட்டுக்குத் தெரியும், ரோட்டோரத்து உடைமரங்களுக்குத் தெரியும், பிறகு வீட்டுக்குள் இருந்த தாய்மாருக்கும் தெரிந்தது, தெரிந்தும் அவர்கள் மாவரைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதற்கெல்லாம் ஆரம்பம் பாக்கியசீலி தொட்டு வைத்த ஒரு சொட்டு எண்ணெய்.

பாக்கியசீலி தையல்காரி. புருஷன் போனபிறகு காலால் மிதிக்கிற ஒரு மிஷினை வைத்தே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தவள், மகன் செல்வினைப் படிக்கவைத்துத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலைக்கு அனுப்பியவள். அந்தச் செல்வின் தன் சம்பாத்தியத்தில் வண்டி எடுத்த அன்றைக்கு, ஊர் வழக்கப்படி வண்டி வீட்டுக்கு வராமல் நேரே கோயில் வாசலுக்கு வந்தது. அந்த ஊரில் புது வண்டிக்கு ஜெபம் பண்ணாமல் யாரும் கியர் போடமாட்டார்கள். உபதேசியார் தேவதாசன் ஜெபம் பண்ணுவார், தாயார் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல ஹெட்லைட்டில் எண்ணெய் வைப்பாள், கூடி நிற்பவர்கள் ஆமென் சொல்வார்கள். கூட்டம் ஆமென் சொல்லிவிட்டால் அந்த ஜெபம் ஊருடையது, கேட்டவளே நினைத்தாலும் தனியாகத் திருப்பி வாங்க முடியாது என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

பாக்கியசீலி எண்ணெய் தொட்ட விரலோடு குனிந்தபோது அவள் கண்ணில் மீட்டர் பட்டுவிட்டது. வட்டத்துக்குள்ளே இருபது, நாற்பது, அறுபது என்று வரிசையாக எழுதி, நூற்றி நாற்பதில் போய் நின்றது.

"நூத்தி நாப்பதா? எதுக்குய்யா இம்புட்டு? ஆகாயத்துக்கா போவப்போற?"

"எம்மா, அது சும்மா எழுதியிருக்கும். அம்புட்டெல்லாம் இது போவாது."

"போவாதுன்னா எதுக்கு எழுதியிருக்கான்?"

பயத்தில் விரல் ஹெட்லைட்டுக்குப் போகாமல் மீட்டர் கண்ணாடிக்குப் போனது, வாய் தானாகச் சத்தம் போட்டது: "ஆண்டவரே, இந்த முள்ளு நாப்பதத் தாண்டப்படாது. எப்பவும் தாண்டப்படாது."

கூட்டம் ஆமென் என்றது. டீ ஆறிப்போய்விடுமே என்ற நினைப்பில் இருந்த உபதேசியாரும் ஆமென் என்றார்.

மறுநாளே செல்வின் வண்டியைத் தள்ளாத குறையாக ஆத்திமுத்துவின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினான். ஆத்திமுத்து பஸ் ஸ்டாப் பக்கம் பட்டறை போட்டிருந்த மெக்கானிக், எதையும் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பார்.

"அண்ணாச்சி, முள்ளு நாப்பதுக்கு மேல ஏறமாட்டேங்குது. எவ்வளவு முறுக்கினாலும் அங்கனயே நிக்கி."

"மீட்டர்னா கொஞ்சம் பொய் சொல்லத்தாம்டே செய்யும். ஆனா கூட்டித்தான் சொல்லும். முள்ளு அறுபதுன்னா வண்டி அம்பத்தஞ்சுல போவும். கம்பெனிக்காரன் பயந்து அப்படித்தான் வைப்பான். கொறச்சுச் சொல்லுத மீட்டர நான் இன்னிக்குத்தான் பாக்கேன்."

அவர் முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளை உருவிப் பார்த்தார், புதுக் கேபிள் போட்டார், சக்கரத்து நடுவில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்று டயரைச் சுற்றி நூல் பிடித்துப் பார்த்தார், டயர் சரியாகவே இருந்தது. முள்ளைப் பிடுங்கி பூஜ்யத்தில் புதிதாக நட்டார். கடைசியில் மீட்டரையே மாற்றினார். பிறகு தன் போனை மீட்டர் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, வேகம் காட்டும் ஆப்பைத் திறந்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். போன் எழுபத்தெட்டு என்றது. புது மீட்டரின் முள் நாற்பதில் கைகட்டி நின்றது.

"இது ரிப்பேர் இல்லடே" என்றார் ஆத்திமுத்து, இறங்கி வேட்டியை உதறிக்கொண்டே. "இதுக்கு வேற எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்." பழைய மீட்டரையே திரும்ப மாட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செல்வின் கேட்டபோது பாக்கியசீலி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

"நான் ஒன்னயத்தானே நெனச்சுக் கேட்டேன் மக்கா."

"நெனச்சது என்னய. கேட்டது முள்ள. அவரும் கேட்டதக் குடுத்துட்டாரு" என்று சொல்லி அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரிச் சோறு அவளுக்கு மண்ணாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் துணியை வெட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், மிஷின் தனியாக நிற்கிறது, நிற்கிற மிஷினின் மிதிகட்டை மெல்ல அசைந்தது, பிறகு ஏறி இறங்கியது, பிறகு சக்கரம் சுழன்று வார் சூடேறி ஊசி தடதடவென்று வெறும் தகட்டில் குத்த ஆரம்பித்தது. "யேசுவே" என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் பம்பரம் ஓய்வதுபோல ஓய்ந்தது, ஓய்ந்ததும் தெருமுனையில் செல்வினின் ஹாரன் கேட்டது.

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஒரு நாள் அவன் பஸ்ஸில் போனான், அன்று மிஷின் அசையவே இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. முள் நாற்பதுக்குமேல் காட்டாது, காட்டாத வேகம் எங்கேயாவது போகவேண்டும் அல்லவா, அது வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் போய்யா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஷினு அந்த ஓட்டம் ஓடுது. எனக்கு நெஞ்சு அடைக்கி."

"எம்மா, எவ்வளவுல போறேன்னு எனக்கே தெரியலம்மா. குனிஞ்சு பாத்தா நாப்பதுங்குது. நாப்பதுன்னு பாத்துப் பாத்து, இப்ப அதுதான் நாப்பதுன்னு தோணிருச்சு."

அடுத்த வீட்டுச் சொர்ணபாய்தான் இதை முதலில் பார்த்தவள். இட்லி மாவு விற்கிறவள், தன் கிரைண்டர் சத்தத்துக்குமேல் பேசிப்பேசியே குரல் பெரிதானவள். மிஷின் தன்னால் ஓடுவதை நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், முதலில் சிலுவை போட்டாள், அப்புறம் யோசித்தாள்.

"யக்கா, அது ஓடுத ஓட்டத்துக்குத் துணிய வச்சுக் குடுத்தா என்ன?"

"என்னட்டி பேச்சு இது? அது எம்புள்ள உசுரு ஓடுதுட்டி."

"நீ துணி வச்சாலும் வைக்காட்டியும் அவன் அந்த ஓட்டந்தான் ஓடப்போறான். சும்மா ஓடுதத வேடிக்கை பாக்கதுக்கு ஒரு பாவாடை அடிக்கலாம்லா?"

பாக்கியசீலி அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் பொங்கலுக்கு முந்தின வாரம், துணி குவிந்து கிடக்க, முழங்கால் நீர்கோத்து வீங்கிக் கிடக்க, அவள் ஒரே ஒரு தையலுக்கு என்று துணியை ஊசிக்குக் கீழே வைத்தாள். வெள்ளைக்காரன் மிஷின்கூட அப்படித் தைக்காது, அவ்வளவு நேரான தையல். அவள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அது ஊர்வலம் மாதிரி ஆனது. சொர்ணபாய் தன் மகன் கிங்ஸ்டனின் வண்டியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, "யக்கா, அதே சொல்லு, ஒரு சொல்லு மாறாம" என்று பாக்கியசீலியின் விரலை எண்ணெயில் முக்கினாள். பிறகு மேலத்தெரு வந்தது, கீழத்தெரு வந்தது, பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் வந்தார்கள், மாரியம்மன் கோயில் தெருக்காரர்களும் வந்து, "எங்க வண்டிக்கும் அந்த எண்ணெயத் தொட்டு வையுங்கக்கா" என்றார்கள். பாக்கியசீலி எல்லாருக்கும் தொட்டு வைத்தாள், எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சொர்ணபாய் வீட்டில் கிரைண்டர் கரண்ட் இல்லாமல் சுற்றியது, இன்னொரு வீட்டில் கிணற்று ராட்டு தானே சுழன்று வாளி மேலே வந்தது, ஒரு வீட்டில் கைப்பிள்ளையின் தொட்டில் மாமன்காரன் வண்டி எடுத்ததும் ஆடத் தொடங்கி அவன் திரும்பி வரும்வரை ஆடியது, பிள்ளை சொக்கிப்போய்த் தூங்கியது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனால்கூடக் கோயில் காற்றாடிகள் நிற்கவில்லை, பிந்திப்போன பையன்கள் ஆராதனைக்கு விரட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம். உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்தி மேலே பார்ப்பார், நெற்றி வேர்வையை ஆறவிடுவார், பிறகு தொடருவார். ரோட்டில் கைகாட்டி நிறுத்திய போலீஸ்காரர் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ப் பையன்களப் பாத்து மத்தவன் படிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

முதலில் மகன் வண்டி எடுத்தால் தாய்மார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் மகன் வண்டி எடுத்தால் அரிசியை ஊறப்போட்டார்கள்.

ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. அந்தக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளிலிருந்து மண் எழுந்து வந்து ரோட்டில் மடிமடியாகப் படுத்துக்கொள்ளும், காலையில் ஒரு இடத்தில் கிடந்த மணல் சாயங்காலம் வேறு இடத்தில் கிடக்கும். அந்தக் காற்றில்தான் ஆறுதல்புரத்து அசனப் பண்டிகையும் வரும். ஊர் முழுக்க ஒரே பந்தலில் ஒரே சோற்றை உண்கிற பண்டிகை. அசனத்துக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் அரைக்க வேண்டும், இடிக்க வேண்டும், தைக்க வேண்டும். பாடகர் குழுப் பெண்களின் புதுச் சட்டைகள் பாக்கியசீலியின் மேசையில் பாதி தைத்தபடி கிடந்தன.

செல்வினும் கிங்ஸ்டனும் பண்டிகைக்குக் காய்கறி வாங்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள், ஆளுக்கொரு வண்டி. சொர்ணபாய் வாசலில் நின்று மாவு அப்பிய கையை ஆட்டினாள்.

"ஏலே கிங்ஸ்டன், உளுந்து நிறைய கெடக்கு. கொஞ்சம் வெரசா ஓட்டு. நேத்து ஓட்டுன மாதிரி ஆமையா ஓட்டாத, மாவு திப்பிதிப்பியா நிக்கி!"

தெருவே சிரித்தது. பாக்கியசீலியும் சிரித்தாள். சிரித்ததோடு நிற்காமல் செல்வினைப் பார்த்து, "சட்ட இன்னும் பாதி கெடக்கு மக்கா" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் வெயில் சாயும் நேரத்தில் மிஷின் அப்படி ஓடியது. அதுவரை அப்படி ஓடியதே இல்லை. ஊசி கண்ணுக்கே தெரியவில்லை, துணி ஆற்றில் விட்டதுபோல அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது, அடுத்த வீட்டில் கிரைண்டர் கோயில் மணிபோல அதிர்ந்தது, பாக்கியசீலி ஒரு பாட்டைக்கூட வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

மிஷின் நின்றது.

ஓயவில்லை. நின்றது. எப்போதும் பம்பரம்போல மெல்ல ஓய்கிற சக்கரம், யாரோ கையை வைத்துப் பிடித்ததுபோல, பாதித் தையலில் ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. அதே கணத்தில் அடுத்த வீட்டில் கிரைண்டரும் நின்றது.

அவள் சக்கரத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தாள். சொர்ணபாயும் வாசலில் நின்றாள், முழங்கை வரை மாவு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தெருவில் மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வந்தார்கள், வந்து நின்று, முன்னால் இவர்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் தங்கள் வீட்டுக்குள் காதை வைத்தார்கள், ராட்டு சுழல்கிறதா, தொட்டில் ஆடுகிறதா என்று. சுழன்றது, ஆடியது. அவர்கள் முகத்தில் வந்த அந்த நிம்மதியைப் பாக்கியசீலி பார்த்தாள். தனக்கும் இத்தனை நாள் இந்த முகந்தானே இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

காய்கறி வாங்கித் திரும்பும்போது கிங்ஸ்டன் முன்னால் போயிருக்கிறான். தேரி வளைவில் செம்மண் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்திருக்கிறது. வண்டி மணலில் வழுக்கிப் பனைமரத்தில் போய் மோதியது. பின்னால் வந்த செல்வின் அதைப் பார்த்துப் பிரேக்கை மிதித்து, வண்டியோடு உருண்டு, தோளும் முழங்கையும் தோல் உரிந்து, எழுந்து ஓடிப்போய்க் கிங்ஸ்டனை மடியில் போட்டுக்கொண்டான். காய்கறி மூட்டை பிரிந்து முருங்கைக்காய் ரோடெல்லாம் கிடந்தது. கிங்ஸ்டன் பிழைத்தான். ஆனால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அசனம் நடக்கவில்லை. சொர்ணபாய் வீட்டுக் கிரைண்டரில் கிடந்த மாவு புளித்துப் பொங்கி, படி இறங்கி, தெருவுக்கு வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பாக்கியசீலி வாளியும் துணியுமாகப் போய்க் குனிந்தபோது சொர்ணபாய் உள்ளேயிருந்து, அந்தப் பெரிய குரல் இல்லாத குரலில் சொன்னாள்:

"விடுக்கா. ஒன் ஜெபம் ஒம்புள்ளயக் காப்பாத்திருச்சு. மாவ நான் பாத்துக்கிடுதேன்."

பாக்கியசீலி துடைத்துவிட்டுத்தான் வந்தாள். வந்து செல்வின் வண்டியின் மீட்டர் கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். எண்ணெய் போனது, முள்ளின் குணம் போகவில்லை. முழங்காலில் நின்று தனியாகக் கேட்டாள், அழுது கேட்டாள். ஊர் ஆமென் சொன்னதை அவளால் தனியாகத் திருப்பி வாங்க முடியவில்லை. தெருத்தெருவாகப் போனாள்.

"வாங்களேன், எல்லாருமாச் சேர்ந்து கேட்டுத் திருப்பி வாங்கிருவோம்."

"எங்க பையன் ஒழுங்காத்தான்க்கா ஓட்டுதான்" என்றாள் ராட்டுக்காரி. "மணல்ல போய் விட்டா மீட்டர் என்ன செய்யும்?" என்றாள் இன்னொருத்தி. தொட்டில் வீட்டுக்காரி, "பிள்ள இப்பந்தாம்க்கா தூங்குது" என்று கதவைச் சாத்தினாள். உபதேசியார் மட்டும், "ஞாயித்துக்கிழம சாட்சி சொல்லுத நேரத்துல எந்திரிச்சுக் கேளும்மா, நான் தடுக்கமாட்டேன்" என்றார். ஆமென் சொல்வதாக அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியசீலி பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் ஊர் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, யாரோ ஒரு பையன் இன்னும் வந்துசேரவில்லை. அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆண்டவரே, அன்னிக்கு நான் பயத்துல கேட்டேன். பயத்துல கேட்டதும் தந்தீரு. அதுல மாவரைச்சோம், துணி தைச்சோம், பிள்ளைய மறந்துட்டோம். இந்த முள்ளு உள்ளதச் சொல்லட்டும். எங்களுக்கு வேணாம், வண்டில இருக்கவனுக்குச் சொல்லட்டும்."

சொல்லிவிட்டு நின்றாள். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. பெண்கள் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியசீலிக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

அப்போது கடைசித் தூணடியிலிருந்து, ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த சொர்ணபாய், "ஆமென்" என்றாள். அவளுடைய பழைய குரல். கிரைண்டர் சத்தத்துக்குமேல் கேட்கிற குரல்.

அவள் சொன்னபிறகு யாரால் சொல்லாமல் இருக்க முடியும்? ஊர் ஆமென் என்றது.

காற்றாடி பம்பரம்போல மெல்ல ஓய்ந்து நின்றது. வெளியே வேப்பமரத்தடியில் சின்னச்சின்னதாகச் சத்தம் கேட்டது, கொட்டாங்குச்சியில் நகத்தால் தட்டுவதுபோல. எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். சாவி இல்லாமல், ஆள் இல்லாமல், ஸ்டாண்டில் நின்ற வண்டிகளின் முட்கள் எல்லாம் எழும்பியிருந்தன. ஒவ்வொரு முள்ளும் அந்த வண்டி இதுவரை மறைத்துவைத்த உச்சத்துக்குப் போய் நின்றது. எண்பத்தைந்து. தொண்ணூறு. நூற்றிப் பத்து. தாய்மார் தங்கள் பிள்ளைகளின் வண்டியைத் தேடித்தேடிப் போய்க் குனிந்து பார்த்தார்கள். ராட்டுக்காரி பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தொட்டில் வீட்டுக்காரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது எந்தம்பி வண்டி இல்ல, இது எந்தம்பி வண்டி இல்ல" என்று நம்பர் பலகையைத் திரும்பத்திரும்பப் படித்தாள். பையன்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள், அவர்களுக்கும் அது புதிது, அவர்களும் அதுவரை நாற்பது என்றே நம்பியிருந்தார்கள்.

பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஆத்திமுத்து வேகமாக நடந்து வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. கிங்ஸ்டனின் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிவைத்த மீட்டர். கேபிள் இல்லை, கண்ணாடி இல்லை, அதிலும் முள் எழும்பியிருந்தது. சொர்ணபாய் கையை நீட்டினாள்.

"வேணாம்மா" என்றார் அவர்.

"குடுங்கண்ணாச்சி. நான்தான வெரசாப் போவச் சொன்னேன்."

அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். நம்பரை யாரிடமும் சொல்லவில்லை. பாக்கியசீலி பக்கத்தில் போய் நின்றாள். சொர்ணபாய் அவள் தோளில் தலையைச் சாய்த்தாள், துண்டை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் வேப்பமரத்தடி முட்கள் எல்லாம் பூஜ்யத்துக்கு இறங்கின.

பிறகு ஆறுதல்புரத்தில் ராட்டைக் கையால் இழுத்தார்கள், தொட்டிலைக் காலால் ஆட்டினார்கள். சொர்ணபாய் கரண்ட் வந்தபோது மாவரைத்தாள், கிங்ஸ்டன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மாவைப் பையில் போட்டுக் கட்டினான். "ஆமையா கட்டாதல" என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

தோள் ஆறியதும் செல்வின் திரும்ப வண்டி எடுத்தான். பாக்கியசீலி தடுக்கவில்லை, எண்ணெயும் தொடவில்லை. அவன் போனபிறகு மிஷினில் உட்கார்ந்தாள், ஆனால் மிதிக்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. தேரி வளைவுக்குப் போயிருப்பான் என்று தோன்றிய நேரத்திலும் அசையவில்லை. முன்பு பயமாக இருந்தாலும் தெரிந்துகொண்டாவது இருந்தது. இப்போது முள் அவனுக்குச் சொல்கிறது, அவளுக்கு ஒன்றும் சொல்வதில்லை. இதைத்தான் அவள் கேட்டாள், கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கண்ணை மூடி, அவன் கையை நினைத்தாள், கண்ணை நினைத்தாள், ரோட்டில் கிடக்கும் மணலை நினைத்தாள். பிறகு வீங்கிய முழங்காலைத் தூக்கி மிதிகட்டையில் வைத்து மிதித்தாள்.

சாயங்காலம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. அவன் வண்டியை நிறுத்தி உள்ளே வரும்வரை அவள் பொறுத்தாள்.

"எவ்வளவுல வந்தே மக்கா?"

நாற்பது என்று அவன் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதைச் சரிபார்க்க ஒரு வழியும் இல்லை என்று அவனுக்கும் தெரியும். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அம்பத்தஞ்சு" என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மீட்டரு கொஞ்சம் கூட்டித்தாம்மா சொல்லும். அம்பதுதான் இருக்கும்" என்றான்.

பாக்கியசீலிக்கு நெஞ்சு திக்கென்றது. திக்கென்ற அந்த நெஞ்சோடேயே, "சரிய்யா, கையக் கழுவு" என்று சொல்லிவிட்டு அவனுக்குச் சோறு போட எழுந்தாள்.